பதினான்காம் கேள்வி

நூற்றிருபது தாள் அடித்தேன்
டவுன் போட்டோக்கொப்பிக் கடையில், பாதி கடனுக்கு.
தொண்ணூற்றேழு திரும்பி வந்தன.
ஒன்றை, திருகோணமலை பஸ் நிலையத்தில்
பையைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து
மான் தின்றது.
மற்றவை போன இடம் தெரியாது.

விரிவுரையாளரின் அணுகுமுறை
எனக்குக் கற்கும் ஊக்கத்தைத் தருகிறது.
ஒன்று: முற்றாக மறுக்கிறேன்.
ஐந்து: முற்றாக உடன்படுகிறேன்.
நடுவில் மூன்றாம் பெட்டி,
கன்டீனுக்குப் போகும் அவசரத்தில்
எல்லோரும் புள்ளடி போடும் பெட்டி.

நூலகம், பெற்றோர், வேலைவாய்ப்பு என்று
பதின்மூன்று கேள்விகள் புத்தகங்களில் எடுத்தவை.
பதினான்காவது மட்டும் என்னுடையது:
"வேறு ஏதாவது?"
கீழே ஒரு கோடு.

பெயர் எழுத வேண்டாம் என்றிருந்தேன்.
கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கிண்ணியா ருஸைக்:
"ஐந்தே முக்கால் பஸ். விட்டால் ஏழரைக்குத்தான்.
பிடிச்சால் வந்துதானே ஆகணும்,
வந்தால் இருந்துதானே ஆகணும்."

"மகாபொல இந்த மாதமும் வரேல்ல.
வந்த பிறகு கேளுங்கோ."
இது யாரென்று சொல்ல மாட்டேன்.

"குப்பி எடுக்கிற யதுகுலன்
'விளங்கிச்சா' எண்டு கேட்டுப்போட்டு
பதிலுக்குக் காத்து நிற்பான்.
சேர் நிற்கிறதில்லை."

"கடல் தெரியாத பக்கத்துக் கதிரை."

மூதூர் ஸிமாரா கோட்டை மீறி
தாளின் ஓரம் முழுக்க எழுதியிருந்தாள்:
ஏ.எல். வரை பக்கத்தில் இருந்தவள்
இப்போது ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை.
பாத்திரம் கழுவி முடிய
வொய்ஸ் மெசேஜ் போடுவாளாம்,
"இண்டைக்கு என்ன படிச்ச?"
"ஒண்டுமில்ல எண்டு சொல்ல
எனக்கு வாய் வரல்ல."

ஒருவன் மீன் வரைந்திருந்தான்.
நல்ல மீன். செதில்கூட விடவில்லை.

மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டினார்.
சிரித்தார், ஸிமாராவிடம் கொஞ்ச நேரம் நின்றார்.
"இதுகளுக்கு இலக்கம் குடுக்க ஏலாது பிள்ளை.
கணினிக்கு வேணும் இலக்கம்.
பதினாலை எடுத்துவிடுங்கோ."
எடுத்தேன்.
அட்டவணை நான்கு தசம் ஒன்று
மிக ஒழுங்காக வந்தது.

என் தாளை நான் நிரப்பவில்லை.
ஆய்வாளர் நிரப்பக் கூடாதாம்.
நிரப்பியிருந்தால் எழுதியிருப்பேன்:
எதிர் விடுதி, மேல்மாடி, மூன்றாம் ஜன்னல்.
சந்துனியின் அறை.
அந்த விளக்கு எரியும்வரை நானும் எரிப்பேன்.
ஒரு மணி, இரண்டு மணி,
நிலாவெளிப் பக்கம் நாய்கள் குரைத்து ஓய்ந்த பிறகும்
அவள் படிக்கிறாளே என்ற எரிச்சலில்
மூன்று வருஷம் சித்தியடைந்திருக்கிறேன்.

சிங்களத்தில் வந்த பதில்களை
வாசித்துச் சொல்ல அவளைத்தான் கூப்பிட்டேன்.
முடிந்ததும் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"ஐயோ, நான் பத்து மணிக்கே தூங்கும்.
கூரையில மரநாய் ஓடும். எனக்கு இருட்டு பயம்."
பிறகு, சிரிப்பு நின்று:
"உன்ட லைட்டும் எரியும்.
யாரோ முழிச்சு இருக்கு எண்டுதான்
எனக்கு நித்திரை வரும்."

அன்றிரவு புத்தகம் ஓடவில்லை.
பத்தரைக்கே படுத்தேன்.
விளக்கை அணைக்க எழும்பிப்போய்
சுவிட்சில் விரல் வைத்து
ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
அணைக்காமல் திரும்பினேன்.
சும்மா எரிந்து கரண்ட் வீணாகுதே என்று
ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.